சீட்டு வீடுபேறு அடையும் காலம்

ஃப்ரீசெல் என்ற கணினிச் சீட்டாட்டத்தில் வீடு என்பது திரையின் மேலோரத்தில் இனத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு கட்டங்கள். ஏஸ் முதல் ராஜா வரை வரிசையாக 52 சீட்டும் அங்கே ஏறினால் ஆட்டம் வெற்றி. விண்டோஸ் பதிப்பில் ஏறிய சீட்டு திரும்பி வருவதில்லை என்பதால் வீடுபேறு என்ற சொல் இதற்கு இருபொருளிலும் பொருந்தும்.

ஆனால் பக்குவம் வருமுன் வீடு சேர்வது கேடு. கீழ்வரிசையில் கறுப்பு 5-இன் மேல் சிவப்பு 4 அமரலாம். மடி கொடுக்க வேண்டிய 5 முன்கூட்டியே முக்தி பெற்றுவிட்டால், 4 போக்கிடமின்றித் தற்காலிக அறை நான்கில் ஒன்றை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு சீட்டைத் தானே ஏற்றுமுன் மென்பொருள் கேட்பது ஒன்றுதான்: இதை நம்பி இன்னும் யாராவது இருக்கிறார்களா?

ஏஸை நம்பி யாரும் இல்லை. இரண்டை நம்பக்கூடியவை எதிர்நிற ஏஸ்கள்; அவை வெளிப்பட்ட கணமே ஏறிவிடும் துறவிகள். எனவே ஏஸும் இரண்டும் பிறவியிலேயே பக்குவிகள். இஸ்பேட் 5-க்கோ இரு சிவப்பு 4-களும் முன்னே போயிருக்க வேண்டும். ஜிம் ஹார்ன் எழுதிய மைக்ரோசாப்ட் பதிப்பு இந்த எல்லையோடு நின்றது.

சிவப்பு 4 கீழேயே இருந்தால் இஸ்பேட் 5-க்கு வீடு இல்லையோ எனின், உண்டு. இரு சிவப்பு 3-களும் கிளாவர் 2-உம் ஏறியிருந்தால் போதும். அப்போது சிவப்பு 4 கீழே தங்க ஒரே காரணம் கிளாவர் 3-க்கு மடி கொடுப்பது. அந்த 3-உம் வெளிப்பட்டதும் நேரே ஏறிவிடும். பற்றின் சங்கிலி அங்கே அறுகிறது.

தீர்வு தேடும் நிரலுக்கு இது வேதாந்தம் அல்ல, பிழைப்பு. ஒவ்வொரு நிலையிலும் எல்லா நகர்த்தலையும் கிளை கிளையாகச் சோதிப்பது அதன் தலைவிதி. பாதுகாப்பான நகர்த்தல் ஒன்று கிடைத்தால் அதைச் செய்துவிட்டு மற்றக் கிளைகளை வெட்டிவிடலாம். விதி சற்றே தளர்ந்தாலும், தீர்வுள்ள ஆட்டத்தைத் தீர்வில்லை என்று நிரல் அடித்துச் சொல்லிவிடக்கூடும். ஆளுக்கு இதே தவறு நேர்ந்தால் ஒரு பெருமூச்சோடு போயிற்று.

உண்மையிலேயே தீர்வில்லாத ஆட்டமோ அரிது: விண்டோஸ் 95-இல் வந்த 32,000 ஆட்டங்களில் தீர்வற்றது 11982-ஆம் எண் ஒன்றே.