லயமா, பங்களாவா?

கேள்வி: மூணாறில் நாலு அறைகள் கொண்ட எங்கள் விடுதிக்கு இணையதளம் அமைக்கிறோம். பகிர்வு சர்வர் போதுமா, தனி சர்வரே எடுத்துவிடலாமா? (வாசகர், தேவிகுளம்)

பதில்: பகிர்வு சர்வர் என்பது தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் ஒண்டும் வரிசை வீடு, போன்றது; லயங்களை அறிந்த தங்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. வாடகை சொற்பம்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் புகை நம் கண்ணையும் கரிப்பது போல, அண்டைத் தளத்தில் கூட்டம் திரண்டால் நம் தளம் மந்தகதி அடைவதும், அத்தளத்தார் குப்பை அஞ்சல்களை அனுப்பிப் பொது ஐ.பி. முகவரிக்கு அபகீர்த்தி தேடினால் நம் கடிதங்களும் சந்தேகத்துக்கு இலக்காவதும் உண்டு. தனி சர்வரோ துரை பங்களா. பாதுகாப்புத் திருத்தங்களையும் காப்புப் பிரதிகளையும் கவனிக்க ஆள் வைக்கச் சக்தியற்றவர்க்கு அது வீண் டம்பம். நாலு அறைகளை நிரப்ப நாலு குடும்பங்களே போதுமாகையால், பகிர்வே உசிதம். 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலர்கையில் ஜனம் திரளுமே என்பீராயின், 2030-இல் சில மாதங்களுக்கு மட்டும், குறித்த அளவு நினைவகம் நமக்கென ஒதுக்கப்படும் வி.பி.எஸ். ஏற்பாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். சென்ற முறை, 2018-இல், குறிஞ்சி பூத்த தருணத்தில் ஆகஸ்டு வெள்ளம் மூணாற்றுப் பாதைகளையே துண்டித்துவிட்டது. அப்போது பங்களா சர்வர் வைத்திருந்த விடுதிக்காரரும் ஈயோட்டித்தான் இருப்பார்.