ஹேண்டிகேப்பியல்: மாதாந்தரக் கோல்ஃப் போட்டிகள் குறித்து ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் எல்லை சிறியது. சொந்தமாக மைதானம் இல்லாமல், மாதத்துக்கு ஒருமுறை யாருடைய மைதானத்திலாவது கட்டணம் கட்டிக் கூடி ஆடும் கோல்ஃப் சங்கங்கள் பிரிட்டனில் ஏராளம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரே மதுக்கடையின் வாடிக்கையாளர்கள் என்று இருபது முப்பது பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். அதற்கு ஒரு கேப்டன், ஒரு செயலர். காலையில் காபியும் பன்றியிறைச்சி வைத்த பன்னும், பிறகு பதினெட்டுக் குழிகள், பிறகு சாப்பாடு, பரிசளிப்பு. பந்தை எப்படி அடிக்கிறார்கள் என்பது இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதில் ஆராய ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது வலப்பக்க மரங்களுக்குள் போகிறது.

நம் கருதுகோள் இது: இப்போட்டிகளில் உண்மையான போட்டி, யார் திறமைசாலி என்பதற்கல்ல, யார் தன் திறமைக்குறைவை முறைப்படி பதிந்து வைத்திருக்கிறார் என்பதற்கே. அப்பதிவு யாதெனின், ஹேண்டிகேப்: ஒருவர் அடித்த மொத்த அடிகளிலிருந்து கழித்துத் தரப்படும் அடிகளின் எண்ணிக்கை. தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: குறைவாகக் காட்டினால் சலுகை அதிகம். 2020இல் வந்த உலகப் பொதுமுறைப்படி, ஒருவர் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியே இதற்கு அடிப்படை. உச்சவரம்பு 54. அதாவது குழிக்கு மூன்று அடி இனாம்.

‘சிறந்த எட்டு’ என்பதைக் கவனிக்க. இருபதில் பன்னிரண்டு ஆட்டங்களைக் கணக்கு தள்ளிவிடுகிறது. ஆடியவர் மனமும் முன்பே தள்ளியிருக்கும். ஆகவே பெரும்பாலான நாட்களில் பெரும்பாலானோர் தங்கள் ஹேண்டிகேப்பைவிட மோசமாகவே ஆடுவார்கள். இது குறையன்று, கணிதம். ஆனாலும் அத்தனை பேரும் ‘இன்னிக்கு மட்டும் ஏதோ சரியில்லை’ என்றே மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்கள்.

முன்னோர் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1744இல் எடின்பரோ அருகே லீத்தில் வெள்ளிக் கோல் ஒன்றுக்காகப் போட்டி நடந்தது. அதற்காகவே பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. வென்றவர் ஜான் ராட்ரே, அறுவை மருத்துவர். அடுத்த ஆண்டே அவர், அரியணையை மீட்கக் கிளம்பிய ஸ்டூவர்ட் இளவரசரின் கலகப் படைக்கு வைத்தியராகப் போய்ச் சேர்ந்தார். 1746இல் கலடன் போரில் அப்படை நொறுங்கியதும் பிடிபட்டார். அவருக்காகப் பேசிக் காப்பாற்றியவர் ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ். அவரும் லீத்தில் ஆடுபவர்தான். சங்கச் சந்தாவை வீண்செலவு என்று முணுமுணுக்கும் இல்லத்தரசிகள் இந்த நிகழ்ச்சியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது முன்னோரும் மருத்துவரே. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், கடற்காற்று ஓயாத வாலசி மைதானத்தில் ஆடியவர். ஒரே குழியில் ஒன்பது பத்து என்று அடித்துவிட்டால் மிச்ச நாள் முழுதும் பாழ் என்பதைக் கண்டு புள்ளிமுறையைக் கொண்டுவந்தார். அதன்படி முதற்போட்டி 1932 மே 16இல் நடந்தது. இனாம் அடியைக் கழித்தபின் குழிக்கு உரிய எண்ணிக்கையில் முடித்தால் இரண்டு புள்ளி, அதைவிடக் குறைந்த அடிகளில் முடித்தால் கூடுதல் புள்ளி, ஓர் அடி கூடினால் ஒன்று, அதற்கும் மேல் போனால் பூஜ்யம். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். துன்பத்துக்கு உச்சவரம்பு கட்டிய இந்த மனிதருக்கு ஏன் பட்டம் தரவில்லை என்று தெரியவில்லை. சங்கங்கள் இன்று பெரும்பாலும் இம்முறையில்தான் ஆடுகின்றன. குழிக்கு இரண்டு வீதம் முப்பத்தாறு வந்தால் கௌரவம். நாற்பத்தைந்து வந்தால் கைதட்டல் மெல்லிதாக இருக்கும்; பின்வரிசையில் யாராவது ‘கொள்ளைக்காரன்’ என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஆட்டக்கார்டு தனியே ஆராயத்தக்கது. நம் எண்ணிக்கையை நாம் எழுதுவதில்லை, உடன் ஆடுபவர் எழுதுகிறார். குழியை விட்டு நகர்ந்ததும் அவர் குட்டைப் பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்பார்: “எத்தனை?”

“ஆறு.”

பென்சில் நகராது. அவர் பார்வை பின்னோக்கிப் போகும்: மணற்பள்ளம், அதில் ஒன்று, இல்லை இரண்டு, புல்வெளி விளிம்பு. உதடு லேசாக அசையும்.

“பள்ளத்திலேருந்து வெளிய வந்தது ஒண்ணுலயா?”

“ஓ… அதையும் சேர்த்தா ஏழு.”

“ஏழுதானே? நானும் அதான் நினைச்சேன்.”

இரு தரப்பிலும் பொய் இல்லை. ஒருவர் மறந்தார், மற்றவர் மறக்கவில்லை. இரண்டுமே மரியாதையோடு நடந்தேறின. நண்பன் கணக்கைத் திருத்தியும் நட்பு குலையாத இடம் உலகில் அதிகமில்லை. சீட்டு நடத்தியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

காணாமற்போன பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. 2019 முதல் மூன்று. நேரம் மிச்சமாகவே இவ்வாறு செய்தனர் என்பாரும் உளர். அது பொருந்தாது, மிச்சமான இரண்டு நிமிடத்தையும் பந்து எப்படிப் போனது என்ற விவாதமே தின்றுவிடுகிறது. தேடும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. சொந்தக்காரர், பந்து போயிருக்க வேண்டிய இடத்தில் தேடுவார். மற்றவர்கள் அது போன இடத்தில் தேடுவார்கள்.

புள்ளிகள் சமமானால் பின்பாதி ஒன்பது குழிகளின் கணக்கு, அதுவும் சமமானால் கடைசி ஆறு, மூன்று, ஒன்று. இப்படிப் பின்கணக்கில் தோற்றவருக்குப் பரிசு இல்லாவிட்டாலும், வருடக்கணக்கில் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது. சொல்லச் சொல்ல அந்தக் கடைசிக் குழியில் பந்து விளிம்பைத் தொட்டு நின்ற தூரம் குறைந்துகொண்டே வரும்.

இனிப் பரிசு. பல சங்கங்கள் உலகப் பொதுக்கணக்கை நம்பாமல் தங்களுக்கெனத் தனிக் குறைப்பு விதி வைத்திருக்கின்றன: வென்றவருக்கு அடுத்த மாதமே இரண்டு அடியோ மூன்று அடியோ வெட்டு, இரண்டாமவருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அளவு சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஆக, முதற்பரிசு வாங்குபவர் ஒரு டஜன் பந்துக்குத் தன் எதிர்காலத்தை எழுதிக் கொடுக்கிறார். நன்றியுரையில் புல் வெட்டியவர்களுக்கும் சமையற்கட்டுக்கும் நன்றி சொல்லும்போதே, கையை இடுப்பில் வைத்து, முதுகு பிடித்திருப்பதை இரண்டொருவர் காதில் போட்டு வைக்கிறார். அடுத்த மாத வழக்குக்கு அது முன்மனு. கணக்குத் தெரிந்தவர் குறிவைக்க வேண்டியது மூன்றாமிடம். ஒரு ஒயின் பாட்டில் கிடைக்கும். ஹேண்டிகேப்புக்குச் சேதாரம் இல்லை. வெட்டு விதியை எழுதும் செயலர்கள் ஏன் அடிக்கடி மூன்றாவதாக வருகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.