மண்டையில அடிக்காதே, ராசா

வாடா ராசா, இப்படி உட்காரு. பூகோள மேப்பு அப்புறம் வரையலாம். அந்தப் பென்சில் மண்டையில டக்கு டக்குன்னு அடிச்சே என் மதியத் தூக்கத்தைக் கெடுத்துட்டே. கேட்டா, "லெட் ஒடியுது தாத்தா"ங்கறே. அரை விரக்கடை வெளிய நீட்டிக்கிட்டு அழுத்தினா ஒடியாம என்னடா பண்ணும்? அதோட கனமே அரை மில்லிமீட்டர். உன் கை பலத்தை அதுகிட்டதான் காட்டணுமா?

முனையைத் திருகிக் கழட்டு. பயப்படாதே, உங்கப்பன் காசுதானே. பித்தளையில பொடிசா ஒரு பிடி தெரியுதா? நுனியில மூணா பிளந்திருக்கும். அதைச் சுத்தி ஒரு மோதிரம், பின்னால ஒரு ஸ்பிரிங். நீ மண்டையை அமுக்கினா மூணு தாடையும் லெட்டைக் கவ்வினபடியே முன்னால போகும், மோதிரமும் கூடவே போகும். கொஞ்ச தூரத்துல மோதிரம் முட்டி நின்னுடும். தாடை மட்டும் அதைத் தாண்டி வெளிய வந்து வாயைப் பிளந்துடும். கையை எடுத்தியா, ஸ்பிரிங் தாடையைப் பின்னால இழுத்துக்கும். லெட் மட்டும் ஏன் திரும்பிப் போகலேன்னு கேக்கணும், நீ எங்க கேக்கப் போறே! நுனிக்குள்ள ஒரு குட்டி ரப்பர் அதை லேசாப் பிடிச்சு வச்சிருக்கு. தாடை மோதிரத்துக்குள்ள மறுபடி நுழைஞ்சதும் பழையபடி கவ்விக்கும். ஒரு அமுக்குக்கு அரை மில்லி, மிஞ்சினா ஒரு மில்லி. ரெண்டு அமுக்குக்கு மேல எதுக்குடா உனக்கு?

இன்னொண்ணு. தாடை இருக்கிறது நுனிக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே. லெட் அதைவிடக் குட்டையாயிட்டா கவ்வ ஆளில்லை, சுத்தும், வழுக்கும். பின்னால வர்ற லெட் வந்து அதைத் தள்ளிடும். அதுக்குள்ள கடைக்காரனோட மல்லுக்கு நிக்காதே.

உங்க பாட்டி, "வாயில வைக்காதேடா, ஈயம்"னு கத்தறா. அதுல ஈயம் ஒரு பொட்டும் கிடையாது. அது கரியோட ஒரு வகைதான்னு 1779லயே ஷீலேன்னு ஒரு ஸ்வீடன்காரர் காட்டிட்டார். சேதி நம்ம அடுப்படிக்கு இன்னும் வந்து சேரல. நீ போய்ச் சொல்லி அடி வாங்காதே.

அந்தக் கரிக்கு கிராஃபைட்டுன்னு பேரு. சீமையிலேர்ந்துதான் வரணும்னு இல்லை. கிளாம்பாக்கத்துல ராத்திரி பஸ் ஏறினா காலையில சிவகங்கை. அங்க டாமின்னு தமிழ்நாடு அரசோட கனிமக் கம்பெனிக்காரங்க வெட்டறாங்க. பாறையை அரைச்சு, தண்ணியில கலக்கி, எண்ணெய் விட்டு நுரை கிளப்புவாங்க. கிராஃபைட்டுக்குத் தண்ணி ஆகாது. நுரையோட ஒட்டிக்கிட்டு மேல வந்துடும், மண்ணு அடியில தங்கிடும். உழைக்காம மேல வர்றதுக்கு உனக்கும் அதுல ஒரு பாடம் இருக்குன்னு நினைக்காதே, முதல்ல அரைபடணும்!

மரப் பென்சிலுக்கு அதோட களிமண்ணைப் பிசைஞ்சு சூளையில சுடுவாங்க. 1795ல கான்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பிடிச்ச வழி. களிமண் கூடினா கெட்டி, ஹெச். கிராஃபைட் கூடினா கருப்பு, பி. ஆனா அரை மில்லி கனத்துக்கு அந்தக் களிமண் தாங்காது. 1960ல பென்டெல்னு ஒரு ஜப்பான் கம்பெனி களிமண்ணுக்குப் பதிலா பிசினைச் சேர்த்தாங்க, நம்ம பிளாஸ்டிக் சாதி. காத்துப் படாம ஆயிரம் டிகிரி வாக்குல சுட்டா அந்தப் பிசினும் கரியாகி கிராஃபைட்டோட இறுகிடும். வேலிக்காத்தான் கட்டையை மண்ணைப் போட்டு மூடி கரிமூட்டம் போடறாங்களே, அதே சங்கதி. காத்து போனா சாம்பல், போகலேன்னா கரி. அப்புறம் எண்ணெயில ஊற வச்சு எடுப்பாங்க. அதான் தாள்ல வழுக்கிக்கிட்டுப் போகுது.

சரி, கடைக்குப் போனா 0.5 கேட்டு வாங்கு. குழாய்க்குள்ள ரெண்டு லெட்டுக்கு மேல அடைக்காதே, சிக்கிக்கும். கடைக்காரன் தப்பா 0.7 கொடுத்துட்டான்னு வையி, திருப்பிக் கொடுக்காதே, அந்தச் சைஸ் பென்சில் ஒண்ணும் சேர்த்து வாங்கியா. சீட்டாட்டக் கணக்கு எழுத எனக்கு ஆகும். காசு உங்கப்பன்கிட்ட கேளு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே.