வீடும் வேலையும் ஒரே வாசலில்

கே: யூ.பி. சிட்டிக்கு முன்னால் பெங்களூரில் உயரமான கட்டடமே கிடையாதா? (ஓசூர் வாசகர்)

ப: அந்த வளாகத்தைவிட 35 வயது மூத்தது ஒன்று எம்.ஜி. ரோட்டில் நிற்கிறது. 1973-ல் எழுந்த 25 மாடி யுட்டிலிட்டி பில்டிங். கடைகளும் அலுவலகங்களும் அதில் உண்டு. சொந்தக்காரர் மாநகராட்சி. பொது நிறுவனமே முன்வந்து இப்படி உயர்த்திக் கட்டிய துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

கே: ‘மிக்ஸட் யூஸ்’ என்றால் மால் தலையில் வீடு கட்டுவதா? (வேலூர் வாசகி)

ப: தலையிலும் கட்டலாம், தோளிலும் கட்டலாம். மல்லேஸ்வரத்தை ஒட்டிய பிரிகேட் கேட்வேயைப் பாருங்கள். சுமார் 40 ஏக்கர். 2010-ல் முடிந்த 32 மாடி வேர்ல்ட் டிரேட் சென்டர், ஓரியன் மால், ஷெரட்டன் ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளி, அடுக்கு வீடுகள், நடுவில் ஓர் ஏரி. பகலில் அலுவலகம் மின்சாரத்தை இழுக்கும். இரவில் வீடுகள் இழுக்கும். அலுவலகக் கார்கள் வெளியேறிய இடத்தில் மாலைநேரத்து மால் கார்கள் நிற்கலாம். நேரம் மாறி மாறிப் பயன்படுவதுதான் இத்திட்டத்தின் உயிர். மெட்ரோவும் அருகில் வந்துவிட்டது, சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையம். பக்கத்துத் தெருக்காரர் தடையில்லாமல் நடந்து போக வழி இருந்தால்தான் இப்படியொரு வளாகத்தை ஊரின் பகுதி என்பேன். சுற்றுச்சுவர் எழுப்பினால் அது வெறும் காலனி.

கே: எல்லாவற்றையும் ஒரே கோபுரத்தில் அடுக்குவதில் என்ன கஷ்டம்?

ப: தூண்கள். கார் நிறுத்த ஓர் இடைவெளி வேண்டும், ஓட்டல் அறைக்கு வேறு, அலுவலகக் கூடத்துக்கு இன்னொன்று. மேல்தூண் கீழ்த்தூண் மேல் உட்காராத இடத்தில் பெரும் உத்திரங்கள் போட்டுப் பாரத்தைத் திருப்பிவிட வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். லிஃப்டுகளும் தனித்தனி.

கே: துபாய் மாதிரி 160 மாடி இங்கே ஏன் இல்லை? பாறை தாங்காதா?

ப: லால்பாக் பாறையைப் பார்த்த பிறகுமா இந்தச் சந்தேகம்! தடை வானத்தில். எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள், யெலஹங்காவில் விமானப்படைத் தளம். உயரத்துக்கு விமானத்துறையின் அனுமதி வேண்டும். கணக்கு கடல் மட்டத்திலிருந்து. ஊரே 900 மீட்டர் மேட்டில் இருக்கிறது; அதைக் கழித்த மீதிதான் கட்டடத்துக்கு.

கே: முப்பதாவது மாடியில் ஃப்ளாட் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

ப: முதலில் தண்ணீர். காவிரி சுமார் 100 கி.மீ. தூரம் பம்புகளால் மேடேறித்தான் பெங்களூர் வருகிறது. கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீர் தனிக் குழாயில் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு சேர்க்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். அடுத்து, படிக்கட்டு. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூர் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத் தீயில் 9 பேர் இறந்தார்கள். அது முப்பது மாடிக் கட்டடமே அல்ல. தீப்பிடித்தால் தப்பும் வழி படிதான். ஆகவே, லிஃப்டை விட்டுவிட்டு மேலிருந்து ஒருமுறை நடந்தே இறங்குங்கள். கதவு ஏதாவது பூட்டியிருக்கிறதா, படியில் சாமான் கிடக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பு ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.