சின்சில்லாக்காரர்

அமெரிக்காவில் வீட்டிலேயே சின்சில்லா என்னும் கொறித்துண்ணும் பிராணியை வளர்த்துக் குட்டி எடுப்பவரைக் கண்டுகொள்வது சுலபம். "நாங்களும் ஒரு ஜோடி வாங்கிக் குட்டி எடுக்கலாமென்று பார்க்கிறோம்" என்று யாராவது வாயைத் திறந்தால், "ஐயோ, அந்த வேலை மட்டும் வேண்டாம்" என்று பதறுகிறாரே, அவர்தான். பதறுபவரின் பின்னறையில் 30 கூண்டு இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், "அது வேறு விஷயம்" என்பார்.

அவருடைய புராணம் 1923-இல் தொடங்குகிறது. சிலி நாட்டில் சுரங்கப் பொறியாளராக இருந்த மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர், அந்த ஆண்டு 11 சின்சில்லாக்களைக் கப்பலேற்றிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். ஆண்டீஸ் மலைக் குளிரில் பிறந்தவை என்பதால் வழிநெடுக ஐஸ் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்று அமெரிக்க வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள். வீட்டுக்கு வந்தவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் இந்தக் கதை சொல்லப்பட்டுவிடும். ஐஸ் கட்டம் வரும்போது குரல் தழுதழுக்கும்.

ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேல் ரோமம் முளைக்கும் பிராணி அது. 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சூடு தாங்காமல் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டில் நல்ல ஏசி எதுவோ அது பின்னறைக்குப் போகும். குடும்பத்தாருக்கு மின்விசிறி.

ஜோடி சேர்ப்பது என்று வந்துவிட்டால், பெண்ணைப் பெற்றவர் ஜாதகக் கட்டோடு அலைவதுபோல் அலைவார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தலைமுறை வம்சாவளி கணினியில் இருக்கும். தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் விழிப்பார். வெல்வெட் என்ற நிறவகைக்கு வெல்வெட் ஆகாது, வெள்ளைக்கு வெள்ளை ஆகாது. அந்த நிறத்தின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த கரு பிழைக்காது. கோணல் பல் உள்ள வம்சம் என்றால் பேச்சே கிடையாது. சின்சில்லாவின் பல் ஆயுள் முழுக்க வளரும். மேலும் கீழும் பொருந்தித் தேயாவிட்டால் தின்ன முடியாமல் போய்விடும். இவ்வளவும் பார்த்து முடித்தபின், கடைசி முடிவு பெண் சின்சில்லாவின் கையில். ஆணைவிடப் பெரியது அது. மாப்பிள்ளை பிடிக்கவில்லையென்றால் பின்னங்காலில் எழுந்து நின்று, குறி பார்த்துச் சிறுநீரைப் பீய்ச்சும். பாதி நேரம் அது மாப்பிள்ளையைத் தாண்டி, எட்டிப் பார்க்கும் தரகரின் மூக்குக்கண்ணாடியில் விழும்.

சினைக்காலம் 111 நாள். எலி மூன்றே வாரத்தில் முடிக்கிற காரியத்துக்கு இவ்வளவு நாளா என்று கேட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் விடியற்காலையில்தான் ஈனும். ஒன்றோ இரண்டோ, மூன்று என்றால் அதிகம். குட்டிகள் கண் திறந்து, ரோமமும் பல்லும் முளைத்தே பிறக்கின்றன. சில மணி நேரத்தில் ஓடவும் ஆரம்பித்துவிடும். இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நஞ்சுக்கொடியைத் தாயே தின்று வாயெல்லாம் ரத்தமாக நிற்கும். புதியவர் அலறுவார், பழகியவர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பிரசவத்துக்கு முன்பே ஆண் வேறு கூண்டுக்குப் போயிருக்க வேண்டும். ஈன்ற கையோடு பெண் மறுபடி சினைக்குத் தயாராகிவிடுவதால், இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. பச்சை உடம்புக்காரிக்குச் சில நாள் வழக்கமான புழுதிக் குளியலும் தடை. ஈன்ற புண்ணில் தூசி புகுந்துவிடும்.

குட்டி வந்ததும் சமையலறைத் தராசு காணாமல் போகும். தினமும் காலையில், அதே நேரத்தில், காப்பிக் கோப்பைக்குள் குட்டியை உட்கார்த்தி எடை போடுவார். பிறக்கும்போது 50 கிராம் என்றால், முதல் நாள் ஒரு கிராம் குறைவது சகஜம். இரண்டாம் நாளும் குறைந்தால் அலுவலகத்துக்கு விடுப்பு. பால் போதாத குட்டிகள் மடிக்காகச் சண்டையிடும். கூரிய பல் தாயையும் உடன்பிறப்பையும் கிழிக்கும். அப்போது முறை வைத்துப் பாலூட்ட விட்டு, மற்றதற்கு ஆட்டுப்பாலைச் சொட்டுக்குழாயில் தருவார், இரண்டு மூன்று மணிக்கொருதரம், உதட்டோரத்தில் ஒவ்வொரு சொட்டாக. அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சொந்தப் பிள்ளைக்கு இரவில் எழுந்தாரா என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

எட்டு வாரத்தில் பால் மறந்துவிடும். ஆண் குட்டிகளை அதற்குமேல் தாயோடு விட்டுவைப்பதில்லை. வாங்க வருபவருக்கு நேர்காணல் உண்டு. ஏசி இருக்கிறதா, நாய் இருக்கிறதா, கிஸ்மிஸ் கொடுக்கும் பழக்கம் உண்டா? "எப்போதாவது ஒன்று" என்று கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் முகம் கறுக்கும். தேறியவர் வளர்க்க முடியாவிட்டால் தன்னிடமே திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். சின்சில்லா 15, 20 ஆண்டு வாழக்கூடியது. வீடு மாறுவார்கள், கல்யாணம் ஆகும், கைக்குழந்தைக்கு ஒவ்வாமை வரும். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அது திரும்பி வாசலில் நிற்கும். கூண்டு முன்பே வாங்கி வைக்கப்பட்டிருக்கும்.