இரும்பைக் கேட்டால் கிருமி சொல்லும்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் காசநோய். ஹீமோகுளோபின் 9. வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிற மனிதர். அந்த இரும்பெல்லாம் எங்கே போகிறது?
(தேனி வாசகி)

பதில்: எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் முடங்கிக் கிடக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனின் வேலை இது. அளவில் வெறும் 25 அமினோ அமிலங்கள். அதிகாரமோ மாவட்ட ஆட்சியருக்கு நிகர்! உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேற இருக்கும் ஒரே வழி ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைச் சிதைத்துவிடும். சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்குச் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். பழைய சிவப்பணுக்களை உடைத்து மேக்ரோஃபேஜ் அணுக்கள் மீட்டுத் தருவது 20 முதல் 25 மில்லிகிராம். இந்த இரண்டும் தடைபட்டால் கீரை மட்டும் என்ன செய்யும், பாவம்!

கேள்வி: உடம்பே தனக்கு ரத்தசோகையை வரவழைத்துக்கொள்வது அசட்டுத்தனம் இல்லையா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: பாதி தந்திரம், பாதி அசட்டுத்தனம். கிருமிக்கும் இரும்பு இல்லாமல் பிழைப்பில்லை. தொற்று வந்ததும் இன்டர்லூகின்-6 என்ற தூதுப் புரதம் கல்லீரலைத் தூண்ட, ஹெப்சிடின் ஏறுகிறது, ரத்தத்தில் இரும்பு குறைகிறது. ரத்தத்தில் திரியும் கிருமிகளுக்குப் பட்டினி. ஆனால் காசநோய்க் கிருமி குடியிருப்பதே மேக்ரோஃபேஜுக்குள்! இரும்பு சிக்கிக்கொள்வதும் அங்கேதான். எலி இருக்கும் அறையில் அரிசி மூட்டையை வைத்துப் பூட்டிய கதை.

கேள்வி: அப்படியானால் கிருமிக்குத்தான் வெற்றியா?
(ஆம்பூர் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். கிருமி மைக்கோபாக்டின் என்ற பொருளைச் சுரந்து இரும்பைக் கவர்ந்திழுக்கும். அதன் இன்னொரு வடிவமான கார்பாக்சிமைக்கோபாக்டினை நம் உடம்பின் சிடெரோகாலின் புரதம் வழியிலேயே மடக்கும். கிருமி அடைபட்ட பையிலிருந்து இரும்பை வெளியேற்ற என்ராம்ப்-1 என்ற பம்ப் வேறு இருக்கிறது. ஆட்டம் இன்னும் முடியவில்லை.

கேள்வி: ஃபெரிட்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரும்பு தாராளம் என்று அர்த்தமா?
(சேலம் வாசகி)

பதில்: இல்லை. உடம்பில் அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும். அதே ரிப்போர்ட்டில் சீரம் இரும்பு என்ற வரியையும் பாருங்கள். அது குறைந்து இது கூடியிருந்தால், இரும்பு இருக்கிறது, ஆனால் கைக்கு வரவில்லை என்று பொருள்.

கேள்வி: பேசாமல் இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு வேளையும் போட்டுவிட்டால்?
(ராமநாதபுரம் வாசகர்)

பதில்: 'பேசாமல்' என்பதுதான் ஆபத்து. காசநோயாளிக்கு இரும்பு கொடுக்காதீர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் ஆர்மான் த்ரூசோ எச்சரித்தார். சோமாலிய நாடோடிகளுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1978-இல் வெளியானது. மாத்திரை பெற்றவர்களிடம் தொற்றுகள் அதிகம். அடங்கிக் கிடந்த காசநோயும் தலைதூக்கியது. பலருக்குக் காசநோய் மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாலே ரத்தம் தானாக ஏறும். கர்ப்பிணிகள், மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்கள், குடலில் கொக்கிப்புழு உள்ளவர்கள் ஆகியோருக்கு உண்மையான இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. அவர் எழுதித் தந்த மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்!

கேள்வி: கீரையும் ஆபத்தா?
(மன்னார்குடி வாசகி)

பதில்: கீரைமேல் ஒரு புகாரும் இல்லை. பசியோடு இருக்கும் உடம்பால் கிருமியோடு மல்லுக்கட்ட முடியாது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023-இல் வெளியான ஆய்வு இது. நோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். முட்டை, சுண்டல், பருப்பு வாங்கத்தான் அந்தப் பணம். ரீசார்ஜ் செய்ய அல்ல.

கேள்வி: சாப்பாட்டுக்குப் பின் காப்பி குடித்தால் இரும்பு சேராதாமே?
(மயிலாப்பூர் வாசகர்)

பதில்: உண்மைதான், ஒரு மணி நேரம் பொறுங்கள். ஆனால் ஹெப்சிடின் செய்த காரியத்துக்கும் சேர்த்து டிகாக்‌ஷனைத் திட்டாதீர்கள்.

கேள்வி: இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுக்கிறது, ஹீமோகுளோபினும் ஏறிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
(விருதுநகர் வாசகர்)

பதில்: அழற்சி தணிந்தது, ஹெப்சிடின் இறங்கியது, இரும்பு வெளியே வந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். கிருமி ஒழிந்தது என்பதற்கு அல்ல. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மிச்சமிருக்கும் நாலு மாதத்தையும் முடியுங்கள். பாதியில் விட்டால் அடுத்த முறை கிருமி மருந்துக்குப் பழகிப்போய் வரக்கூடும்.