துவக்கும் தூரக்கண்ணாடியும்

அண்ணனும் தம்பியும் இரண்டு பேர். அண்ணன் ஒஸ்ரின் ஹென்றி லேயார்ட் ஈராக்கில் மண்ணைக் கிண்டி, அசீரிய ராசாக்களின் அரண்மனைகளை வெளியே எடுத்து உலகப் புகழ் பெற்றார். தம்பி எட்கார் லியோபோல்ட் லேயார்ட் 1846இல் இலங்கைக்கு வந்தார். பருத்தித்துறையில் நீதவான் கதிரை கிடைத்தது. கதிரை சூடாக முதலே எழும்பிப் போய்க் குருவி சுட்டார்.

அந்தக் காலத்துப் பறவை அவதானிப்பு அப்படித்தான். "கண்ணால் கண்டேன்" என்று எழுதினால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். சுட்டு விழுத்தி, தோலை உரித்து, பாஷாணம் கலந்த சவுக்காரம் பூசி, உள்ளுக்குப் பஞ்சு அடைத்து, காலில் துண்டு கட்டி அனுப்பினால்தான் கண்டதாகக் கணக்கு. ஒரு பறவையைக் கண்டதற்கு அத்தாட்சி, அதை இனி வேறொருவரும் காண முடியாது என்பதுதான்.

தோல்கள் போன இடங்களில் ஒன்று கல்கத்தா. அங்கே ஆசியச் சங்கத்தின் நூதனசாலையில் எட்வர்ட் பிளைத் என்றொருவர் அற்பச் சம்பளத்துக்கு இருந்து, வந்த குருவிகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். இலங்கையில் லேயார்டுக்குக் கூட்டாளிகள் இருவர்: இராணுவ வைத்தியர் ரெம்பிள்டன், இலங்கையிலேயே பிறந்த வைத்தியர் கெலாட். நோயாளிகளையும் வழக்காளிகளையும் அடுத்த தவணைக்கு வரச் சொல்லிவிட்டு, "எனக்கு இது அகப்பட்டது, உனக்கு என்ன அகப்பட்டது?" என்று இவர்கள் விசாரித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம் எப்படியோ, தீவின் பறவைக் கணக்கு இவர்களால்தான் 320 இனங்களுக்கு மேல் ஏறியது என்று அந்நாளைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற் எழுதிவைத்திருக்கிறார்.

கூட்டாளி என்றால் கைம்மாறும் உண்டு. 1849இல் பிளைத் இலங்கைக்கே உரிய ஒரு கிளிக்கு லேயார்டின் மனைவியுடைய பிறந்தகத்துப் பெயரைச் சூட்டினார். கல்த்ரொப் என்ற அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் தகராறு. ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கிளியும் எங்கள் வன்னிப் பக்கம் வருவதில்லை. அது ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வசதியாக இருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த ஆள் லேயார்டின் சமையற்காரர் முத்து. பருத்தித்துறையில் துரைக்கு அடுப்பு மூட்டியதோடு நிற்காமல் குருவியும் பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது சாண் நீளம்கூட இல்லாத ஒரு மண்ணிற ஈபிடிப்பான். வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனப் பக்கமும் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே வருவது. "துரை, இதைப் பொரிக்கிறதோ, பஞ்சு அடைக்கிறதோ?" என்று முத்து கேட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். துரை பஞ்சுப் பக்கம் சாய்ந்தார். 1854இல் அந்தக் குருவிக்கு முத்துவின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் அது விஞ்ஞான உலகில் மஸ்கிகாப்பா முத்துயி. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பங்கள் பட்டத்துக்கும் முதலியார் பதவிக்கும் கச்சேரி வாசலில் காத்துக்கிடந்தன. குசினியில் நின்ற மனிதர் லத்தீனில் ஏறிவிட்டார்.

வன்னியைக் கண்டால் துரைமாருக்கு உள்ளூர ஒரு நடுக்கம். காட்டுக் காய்ச்சல் ஆளைத் தின்னும். அப்படியும் பீரங்கிப் படையில் இருந்த வின்சன்ற் லெக் வடபகுதிக் காடுகளை விட்டுவைக்கவில்லை. 1868இல் வந்தவர், சுடவேண்டியது பீரங்கி என்பதை மறந்துபோனார்போல, சேகரித்துச் சேகரித்து இலங்கைப் பறவைகள் பற்றி ஆயிரம் பக்கம் தாண்டிய புத்தகமொன்றை 1880இல் லண்டனில் முடித்தார். அதில் பறவைகளின் தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக் கொடுத்த வேட்டைக்காரனுக்கும் வண்டிக்காரனுக்கும் முத்துவின் அதிர்ஷ்டம் அடிக்கவில்லை.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். நாடே அண்ணாந்து பார்த்தது. அடுத்த வருஷம் இலங்கைப் பறவைக் கழகம் தொடங்கப்பட்டது. குண்டு வருகிறதா என்று பார்க்கப் போய்ப் பருந்தில் மனம் லயித்துவிட்டது போலும். யார் எங்கே என்ன கண்டார் என்பது கழகத்தின் குறிப்புகளில் அச்சாகி உறுப்பினர்களுக்குப் போனது. துவக்கு மெல்ல மெல்ல ஓய்ந்தது. தூரக்கண்ணாடி கழுத்தில் ஏறியது. அரசாங்கமும் 1938இல் சுண்டிக்குளக் களப்பையும் 1951இல் கொக்கிளாய்க் களப்பையும் பறவைகளுக்கென்று எழுதிக் கொடுத்தது. பறவைகள் உறுதிப் பத்திரத்தை வாசிக்காமலே குடியிருந்தன.

பிறகு சண்டை வந்தது. வன்னியில் தூரக்கண்ணாடியோடு குளக்கட்டில் நின்று "உள்ளான் பார்க்கிறேன்" என்று சொல்பவரை யார் பிடித்தாலும் சரி, அவர் விளக்கம் சொல்லி முடிக்க முதல் உள்ளான் சைபீரியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கொழும்பு அன்பர்கள் வரவில்லை. ஆனால் வானத்தைப் பார்த்துச் சேதி பரிமாறுவதில் வன்னிச் சனத்தை அந்த நாட்களில் எந்தக் கழகமும் வெல்ல முடியாது. இது கிபிர், இது மிக், இது வண்டு என்று விமானச் சத்தத்தை வைத்தே பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் இனம் சொல்லும். எந்தத் திசை, எவ்வளவு உயரம், தனியேயா சோடியா என்பது வேலிக்கு வேலி போகும். வேவு பார்க்கும் வண்டு வந்து வட்டமிட்டால் பின்னாலே குண்டு போடும் பெரியது வரும் என்பதும் தெரியும். குரலை வைத்து இனம் காண்பது பறவை பார்ப்பவரின் மேற்படிப்பு என்கிறார்கள். நாங்கள் அதைப் பங்கருக்குள் இருந்து படித்தோம். ஒரு சான்றிதழ்கூடத் தரவில்லை.

2009க்குப் பிறகு பாதை திறந்தது. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகப் பதவி உயர்வு பெற்றது. வலசைக் காலத்தில் இப்போது முக்காலியும் தொலைநோக்கியும் நீண்ட குழாய் வைத்த கமராவுமாக வாகனங்கள் வருகின்றன. எண்ணுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இரவுக்குள் ஊருலகம் அறிகிறது. எல்லாம் திறமான வேலை.

வருகிற அன்பர்களிடம் ஒன்று கேட்கலாம். பூநாரை இன்றைக்குக் களப்பின் எந்தக் கரையில் நிற்கிறது என்பதை விடியமுன் வலை போடப் போனவரிடம்தான் நீங்களும் விசாரிக்கிறீர்கள். கண்டதைப் பதியும்போது, அவர் சம்மதித்தால், அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், லத்தீன் வேண்டாம்.